பழைய ரோந்து விமானங்களுக்கு மாற்று: புதிதாக வடிவமைப்பதா, பயணிகள் விமானத்தை மாற்றியமைப்பதா?

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீர்மூழ்கிகளைத் தேடும் நீண்டதூர ரோந்து விமானங்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அதில் ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை.

1962-இல் சேவைக்கு வந்த பி-3 ஓரியன் விமானத்தைப் பெருமளவில் நம்பியிருந்தவை அமெரிக்கக் கடற்படையும் ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையும். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதற்கு மாற்று தேடத் தொடங்கி, முற்றிலும் வேறான இரு முடிவுகளுக்கு வந்திருக்கின்றன. அமெரிக்கா 2004-இல் போயிங் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, 737 பயணிகள் விமானத்தை அடிப்படையாகக் கொண்ட பி-8 போசைடனை உருவாக்கச் செய்தது. ஜப்பானோ 2001-இல் தொடங்கிய திட்டத்தின் வழியே உடல், எஞ்சின், ரேடார் என எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே புதிதாக வடிவமைத்து, கவாசாகி பி-1 விமானத்தை 2007 செப்டம்பரில் முதன்முறையாகப் பறக்கவிட்டது. இரண்டும் 2013-ஆம் ஆண்டில்தான் பணிக்கு வந்தன.

என் ஐயங்கள் மூன்று. நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் ஒரு பயணிகள் விமானம் கையருகில் இருக்கும்போது, வெறுங்காகிதத்திலிருந்து புதிய விமானத்தை வரைவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதேனும் உண்டா, அல்லது அது உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலை கொடுக்கும் ஏற்பாடு மட்டும்தானா? பி-1 விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள் எதற்கு? பழைய விமானத்தின் உடலை வைத்துக்கொண்டு மின்னணுக் கருவிகளை மட்டும் புதுப்பித்தால் செலவு குறையாதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மகிழ்வேன்.

சுக்கான் எழுதியது:

வணக்கம் நெய்தல்வாசி. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஒரு ரோந்து விமானத்தின் வடிவத்தை முடிவு செய்வது, அது எந்த உயரத்தில் பறந்தபடி நீர்மூழ்கியைத் தேடப் போகிறது என்பதுதான். பி-3 காலத்து வழக்கம் தாழப் பறப்பது. வேண்டிய கடற்பகுதிக்கு வேகமாகச் சென்று சேர்ந்த பின், அலைகளுக்குச் சில நூறு அடி உயரத்துக்கு இறங்கி மணிக்கணக்கில் சுற்றிவருவார்கள். அந்த உயரத்தில் எரிபொருளைச் சேமிக்க ஓர் எஞ்சினை, சில வேளைகளில் இரண்டை, நிறுத்திவிடுவதும் உண்டு. முதலில் நிறுத்தப்படுவது இடப்பக்கம் வெளிப்புறமாக உள்ள முதல் எஞ்சின். நான்கில் அதில் மட்டும்தான் மின்னாக்கி கிடையாது என்பதால், அதை நிறுத்தினால் மின்சாரத்தில் குறைவு ஏற்படாது.

இவ்வளவு தாழ இறங்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டால், பெரிய காரணம் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் காந்த உணர்கருவி. நீர்மூழ்கியின் இரும்பு உடல், பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் மிகச் சிறிய மாற்றத்தை அது உணர்கிறது. ஆனால் அந்த மாற்றம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது தூரம் இரு மடங்கானால் சைகை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே பல ஆயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டு அந்தக் கருவியைச் சுமப்பதில் பொருளில்லை.

மற்றொரு முதன்மைக் கருவி சோனோபாய் எனப்படும் ஒலி மிதவை. ஏறக்குறைய 91 செ.மீ. நீளமும் 12 செ.மீ. விட்டமும் கொண்ட உருளை அது. விமானத்திலிருந்து விழுந்ததும் ஒரு சிறு பாராசூட் விரிந்து வேகத்தைத் தணிக்கும். நீரைத் தொட்டபின் வானொலிப் பகுதி மேற்பரப்பில் மிதக்க, ஒலிவாங்கி கம்பியில் தொங்கியபடி முன்பே குறித்த ஆழத்துக்கு இறங்கும். கடலின் மேலடுக்கு வெப்பமாகவும் அதற்குக் கீழே சட்டென்று குளிராகவும் மாறும் இடங்களில் ஒலி வளைந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு மேலே ஒலிவாங்கியைத் தொங்கவிட்டால், கீழே செல்லும் நீர்மூழ்கியின் ஓசை அதன் காதில் விழாமலே போகக்கூடும். அதனால்தான் ஆழத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. மின்கலம் தீர்ந்ததும் மிதவை தானே மூழ்கிவிடும். ஒரே பறப்பில் இவற்றைப் பல பத்துக்கணக்கில் செலவழிப்பார்கள்.

இப்போது அமெரிக்க முடிவைப் பாருங்கள். உயரத்தில் இருந்தபடியே மிதவைகளை வீசி, ஒன்றிலிருந்து எழும் ஒலி இலக்கில் பட்டுத் திரும்புவதை மற்றவற்றில் கேட்டு இருப்பிடத்தைக் கணிக்கும் முறைக்கு அவர்கள் முதன்மை கொடுத்தார்கள். நீருக்கடியில் சென்று தாக்கும் மார்க் 54 டார்பிடோவுக்கும் இறக்கை பொருத்தி, உயரத்திலிருந்து சறுக்கி வந்து கடலில் விழும்படி ஒரு துணைக்கருவியை உருவாக்கினார்கள். இந்த முறைக்குக் காந்தக் கருவி தேவையில்லை என்று கருதி, எடையையும் குறைக்கும் நோக்கில் தங்கள் பி-8ஏ வகை விமானத்திலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். அப்படிப் பறப்பதற்கு 737 நன்றாகப் பொருந்துகிறது. அது உயரத்தில் சிக்கனமாகப் பறப்பதற்காகவே பிறந்த விமானம். இருந்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. 737-800-இன் உடலோடு 737-900-இன் இறக்கைகளைச் சேர்த்து, உடலின் அடிப்பகுதியில் ஆயுத அறைக்கு இடம் ஒதுக்கி, அதற்கேற்பச் சட்டகத்தை வலுப்படுத்த வேண்டியிருந்தது. பயணிகள் விமானத்தில் மேல்நோக்கி வளைந்திருக்கும் இறக்கை நுனிகளுக்குப் பதிலாகப் பின்னோக்கிச் சாய்ந்த நுனிகளைப் பொருத்தினார்கள்.

ஜப்பான் தாழப் பறக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. நீர்மூழ்கிகள் கடந்து செல்லும் நீரிணைகளும், சந்தேகத்துக்குரிய கப்பல்களை அருகில் சென்று பார்த்தறிய வேண்டிய பரபரப்பான கடல்வழிகளும் அவர்களைச் சூழ்ந்திருக்கின்றன. ஆகவே பி-1 விமானத்தில் காந்தக் கருவி இருக்கிறது. குறைந்த வேகத்திலும் நிலையாகப் பறக்க ஏற்ற இறக்கை இருக்கிறது. ஐஎச்ஐ நிறுவனத்தின் எஃப்7 எஞ்சினில் மையத்தின் வழியே செல்வதைப்போல் எட்டு மடங்குக் காற்று வெளிப்புறமாகச் சுற்றிச் செல்வதால், ஜெட் எஞ்சினாக இருந்தும் எரிபொருள் வீணாவது குறைகிறது. கட்டுப்பாட்டுச் சைகைகள் மின்கம்பிகளுக்குப் பதிலாக ஒளியிழைகளில் செல்வது இன்னொரு நுட்பம். நுண்ணிய உணர்கருவிகளுக்கு மின்காந்த இடையூறு நேராமல் காப்பதற்கு அது உதவுகிறது. வழக்கமான சேவைக்கு வந்த விமானங்களில் இந்த முறையை முதலில் கையாண்டது பி-1தான்.

நான்கு எஞ்சின்களுக்கான வாதமும் இதோடு சேர்ந்தது. கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அலைகளுக்கு நெருக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பறவை மோதி ஓர் எஞ்சின் போனால், மூன்று மீதமிருப்பதும் ஒன்று மீதமிருப்பதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு எஞ்சின்களோடு தாழப் பறப்பது இயலாத காரியம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பி-8 விமானமும் தேவைப்படும்போது இறங்கத்தான் செய்கிறது. இந்தியக் கடற்படை பி-8ஐ என்ற தனது வகை விமானங்களில் காந்தக் கருவியைக் கேட்டு வாங்கிப் பொருத்தியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒரே உடலை வைத்துக்கொண்டு இரு கடற்படைகள் இரு விதமாகத் தேட முடிகிறது என்றால், ஜப்பானின் முடிவில் தொழில்நுட்பக் காரணத்தோடு தொழில்துறைக் காரணமும் கலந்தே இருந்தது என்பது என் கருத்து. சி-2 என்ற போக்குவரத்து விமானத்தோடு சேர்த்து, சில பாகங்கள் இரண்டுக்கும் பொதுவாகும்படி பி-1 உருவாக்கப்பட்டதே அதற்குச் சான்று.

இறக்கைமுனை எழுதியது:

சுக்கான் அவர்கள் விட்டுவைத்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விமானச் சட்டகங்களின் ஆயுளை மதிப்பிடும் துறையில் வேலை செய்தவன் என்பதால், "உடலை வைத்துக்கொண்டு கருவிகளை மாற்றலாமே" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ரோந்து விமானம் மூப்படையும் விதம் வேறு. பயணிகள் விமானம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மேகங்களுக்கு மேலே, அமைதியான காற்றில் கழிக்கிறது. ரோந்து விமானமோ கடற்பரப்பை ஒட்டிய கொந்தளிப்பான காற்றில், எரிபொருளும் ஆயுதமும் நிறைந்த எடையோடு மீண்டும் மீண்டும் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கையின் அடித்தகடு இழுபடுகிறது; உப்புக்காற்று மூட்டுகளில் புகுந்து அரிக்கிறது. உலோகச் சோர்வும் அரிப்பும் சேரும்போது, வெளிக்கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் விமானத்தின் ஆணித்துளைகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தொடங்கியிருக்கும். 2007 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை தனது பி-3சி விமானங்களில் 39-ஐ ஒரே அறிவிப்பில் தரையிறக்கியதற்கு, இறக்கையின் வெளிப்பகுதியில் தெரிந்த இத்தகைய சோர்வுதான் காரணம். அதன் பிறகு புதிய வெளியிறக்கைகளைச் செய்து பழைய உடலில் பொருத்தும் வேலையைச் சில நாடுகள் மேற்கொண்டன. அது பயனுள்ள வேலைதான். ஆனால் உடலின் மற்றப் பகுதிகளுக்கு வயது குறைவதில்லை.

இந்த வழியின் அபாயத்தைக் காண பிரிட்டனின் நிம்ராட் எம்ஆர்ஏ4 திட்டத்தைப் பார்த்தால் போதும். நிம்ராட் என்பதே 1940-களில் முதலில் பறந்த காமெட் பயணிகள் விமானத்தின் வழித்தோன்றல். 1996-இல் ஒப்பந்தம் போடும்போது, பழைய நிம்ராட் உடல்களை வைத்துக்கொண்டு, புதிய இறக்கைகளையும் புதிய எஞ்சின்களையும் புதிய கருவிகளையும் பொருத்தி 21 விமானங்களைப் பெறலாம் என்று திட்டமிட்டார்கள். காகிதத்தில் அது மிகச் சிக்கனமான வழி. ஆனால் அந்தப் பழைய உடல்கள் கைவேலையாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் அளவு மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. கணினியில் துல்லியமாக வரைந்து செய்த புதிய இறக்கையை, தைத்து முடித்த சட்டைக்கு வேறொருவரின் அளவில் வெட்டிய கையைப் பொருத்துவதுபோல் ஒவ்வொரு உடலிலும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2003-இல் சேவைக்கு வந்திருக்க வேண்டிய விமானத்தின் முதல் பறப்பே 2004-இல்தான் நடந்தது. செலவு ஏற ஏற எண்ணிக்கை குறைந்து, 21 என்பது 9 ஆனது. 2010 அக்டோபரில் திட்டம் முழுவதும் கைவிடப்பட்டு, அடுத்த ஆண்டில் அந்த விமானங்கள் உடைத்துப் போடப்பட்டன.

இதற்கிடையே பழைய நிம்ராட் எம்ஆர்2 தொடர்ந்து பறந்ததற்குக் கொடுத்த விலை கொடுமையானது. 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் காந்தகாருக்கு அருகே, வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்ட சிறிது நேரத்தில் எக்ஸ்வி230 என்ற விமானம் தீப்பற்றி வீழ்ந்து, அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். கசிந்த எரிபொருள் சூடான குழாயைத் தொட்டதே காரணமாக இருக்கக்கூடும் என்றும், பராமரிப்பிலும் பாதுகாப்பு மதிப்பீட்டிலும் பல ஆண்டுகளாகத் தவறுகள் நடந்துவந்தன என்றும் 2009-இல் வெளியான ஹாடன்-கேவ் அறிக்கை எடுத்துரைத்தது.

எம்ஆர்2 விமானங்கள் 2010-இல் ஓய்வுபெற்றன. மாற்றாக வாங்கிய பி-8ஏ 2020-இல்தான் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது. தீவு நாடான அதற்கு அந்தப் பத்து ஆண்டுகளில் நீண்டதூர ரோந்து விமானமே இல்லை. 2014-இன் இறுதியில் ஸ்காட்லாந்து கடலோரத்தில் அந்நிய நீர்மூழ்கி ஒன்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்தபோது, நட்பு நாடுகளின் விமானங்களை வரவழைத்துத் தேட வேண்டியதாயிற்று. ஓசையைக் கேட்டுத் தரம் பிரிக்கும் திறமை மறந்துபோகாமல் இருக்க, தம் பணியாளர்களை 'சீட்கார்ன்' என்ற திட்டத்தின் பெயரில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் குழுக்களோடு பறக்க அனுப்பி வைத்தார்கள். நிம்ராட் விவகாரம் முழுவதிலும் எனக்குப் பிடித்த ஒரே அறிவார்ந்த முடிவு அதுதான்.

ஐந்தொகை எழுதியது:

இருவரின் விளக்கமும் அருமை. ஆனாலும் பணத்தைப் பற்றி யாரும் பேசாதது எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

737-இன் அந்தத் தலைமுறையில் ஏறக்குறைய 7,000 விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்களும், எஞ்சினைப் பழுதுபார்ப்பவர்களும், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். பி-1 விமானத்துக்கு அந்த வசதி இல்லை. எஃப்7 எஞ்சினைப் பயன்படுத்தும் விமானம் உலகில் வேறு எதுவும் இல்லை. அதற்குத் தேவையான ஒவ்வொரு பாகத்தையும் ஒரே வாங்குபவருக்காக, ஆண்டுக்குச் சில எண்ணிக்கையில் செய்ய வேண்டும். 2013 மே மாதத்தில் ஒரு பறப்பின்போது நான்கு எஞ்சின்களும் ஒருசேர நின்று, மீண்டும் இயக்கப்பட்டுப் பத்திரமாகத் திரும்பிய நிகழ்வை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சுக்கான் அவர்கள் கூறிய "மூன்று மீதமிருக்கும்" வாதம், நான்கும் ஒரே குறைபாட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது செல்லாது. 2025-இல் ஜப்பானின் தணிக்கை வாரியமே, எஞ்சின் அரிப்பாலும் உதிரிபாகப் பற்றாக்குறையாலும் பறக்கத்தக்க நிலையிலுள்ள பி-1 விமானங்கள் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

ஏற்றுமதி செய்தாவது செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தார்கள். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் காட்டினார்கள். இரண்டுமே பி-8 பக்கம் சாய்ந்துவிட்டன. நூறு விமானங்களுக்கு மேல் வாங்கக்கூடிய கடற்படை அல்லது உறுதியான வெளிநாட்டு வாடிக்கையாளர் இல்லாதவர்கள் புதிதாக வடிவமைக்க முனைவது, என் கணக்கில், வசதிக்கு மீறிய செயல்.

சுக்கான் எழுதியது:

எஞ்சின்களைப் பற்றிய உங்கள் கூற்றை ஏற்கிறேன், ஐந்தொகை. ஆனால் 737 என்ற பெருங்கூட்டத்தின் நிழல் என்றென்றும் நிலைத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்தத் தலைமுறைப் பயணிகள் விமானங்களின் உற்பத்தி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்த வரிசையில் இப்போது செய்யப்படுபவை பி-8 போன்ற இராணுவ விமானங்கள் மட்டுமே. இன்னும் 20 ஆண்டுகளில் விமான நிறுவனங்கள் அவற்றைக் கைவிடும்போது, உதிரிபாகச் சந்தையும் சுருங்கத் தொடங்கும். பயணிகள் விமானமான எலெக்ட்ராவிலிருந்து பிறந்த பி-3, எலெக்ட்ரா வழக்கொழிந்த பிறகும் பல பத்தாண்டுகள் பறந்ததை நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: பி-3 விமானத்தையே மேம்படுத்தி பி-7 என்ற பெயரில் புதிதாகச் செய்ய அமெரிக்கா எடுத்த முயற்சி, செலவு மீறியதால் 1990-இல் கைவிடப்பட்டது. பெரிய எண்ணிக்கையில் வாங்கும் வசதி இருந்தும் அது தப்பவில்லை.

நெய்தல்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தாழப் பறப்பது, உயரப் பறப்பது என்ற வேறுபாடுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஒரு துணைக்கேள்வி: அமெரிக்கா எம்க்யூ-4சி டிரைட்டன் என்ற ஆளில்லா விமானத்தை பி-8 விமானத்தோடு இணையாகப் பயன்படுத்துகிறதே, இனி ஒரு நாடு முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் ஆளுள்ள விமானத்தையே விட்டுவிடலாம் அல்லவா?

இறக்கைமுனை எழுதியது:

அவ்வளவு எளிதாக விட முடியாது என்றே நினைக்கிறேன். டிரைட்டன் 50,000 அடிக்கு மேல், ஒரு நாள் முழுவதும் பறந்தபடி பரந்த கடற்பரப்பைக் கண்காணிக்கும். மேற்பரப்பில் செல்லும் கப்பல்களைப் பொறுத்தவரை அது சிறப்பான ஏற்பாடு. அந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்து ஆளுள்ள விமானங்களின் பறக்கும் மணிகள் மிச்சமாவதால் அவற்றின் சட்டகமும் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதனிடம் சோனோபாயும் இல்லை, டார்பிடோவும் இல்லை. நீருக்கடியில் இருப்பதைத் தேட, டன் கணக்கில் மிதவைகளையும் ஆயுதங்களையும் சுமந்து செல்லும் கொள்ளளவு வேண்டும். எம்க்யூ-9பி சீகார்டியன் போன்ற சிறிய ஆளில்லா விமானங்களிலிருந்து மிதவைகளை வீசும் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் பி-8 நூற்றுக்கு மேற்பட்ட மிதவைகளைச் சுமக்கும் இடத்தில் அவை சுமப்பது சிறு பங்குதான்.

மற்றொரு தடை, கேட்பவரின் இருக்கை. பல மிதவைகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும் ஒலியில், மீன்பிடிப் படகையும் திமிங்கிலத்தையும் மழையின் ஓசையையும் ஒதுக்கிவிட்டு, ஒரு நீர்மூழ்கியின் சுழலி எழுப்பும் மெல்லிய சீரான ஓசையைப் பிரித்தறிய வேண்டும். மென்பொருள் இதில் நாளுக்கு நாள் முன்னேறுகிறது. எனினும் அவ்வளவு தரவையும் இடையூறுக்கு உள்ளாகக்கூடிய செயற்கைக்கோள் இணைப்பு வழியே கரைக்கு அனுப்புவதைவிட, கேட்பவரை விமானத்திலேயே உட்கார வைப்பது இன்னும் நம்பகமானது. ஆகவே, இனி தொடங்குபவர்கள் ஆளுள்ள விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆளில்லாதவற்றைத் துணையாகச் சேர்ப்பார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். விமானத்தின் உடல் 40 ஆண்டுகள் உழைக்கும், கணினியோ பத்தாண்டில் பழையதாகிவிடும் என்பதால், ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது மென்பொருளை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். விற்றவரிடம் ஒவ்வொரு முறையும் கையேந்த வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல சட்டகத்தை வாங்கியும் பயனில்லை.

ஐந்தொகை எழுதியது:

அந்தக் கடைசிக் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். இனி கவனிக்க வேண்டியது பிரான்ஸ். ஜெர்மனியோடு கூட்டாகப் புதிய ரோந்து விமானத்தை உருவாக்கும் எண்ணத்தில் இருந்த அந்நாடு, 2021-இல் ஜெர்மனி பி-8 வாங்க முடிவு செய்ததும் தனித்து விடப்பட்டது. 1989-இல் சேவைக்கு வந்த தனது அட்லாண்டிக் 2 விமானங்களுக்கு மாற்றாக, இப்போது ஏர்பஸ் ஏ321 பயணிகள் விமானத்தை மாற்றியமைக்கும் வழியை ஆராய்ந்து வருகிறது. அமெரிக்க விமானத்தை வாங்க மனமில்லை, முற்றிலும் புதிதாக வடிவமைக்கப் பணமில்லை என்ற நிலையில் அது எடுத்திருக்கும் நடுவழி இது. உற்பத்தி இன்னும் பல ஆண்டுகள் தொடரப்போகும் ஓர் உடலைத் தேர்ந்திருப்பதால், 737 பற்றிச் சுக்கான் அவர்கள் எழுப்பிய ஐயம் அங்கே அவ்வளவு விரைவில் எழாது. ஆயுத அறைக்காக அதன் அடிப்பகுதியை எவ்வளவு அறுத்து வலுப்படுத்த வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் செலவு அமையும்; இறுதி ஒப்பந்தம் வெளியாகும்போது இதே இழையில் எழுதுகிறேன்.